கருவேலந்தூரும் முருங்கைக்கொம்பும்

காரைக்குடியில் எம்.எஸ்ஸி. முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். தேவகோட்டையில் இருந்த அவருடைய அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து எட்டு ஆண்டுகள் நன்றாக இருந்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் அந்தப் பேச்சையே மறந்துவிட்ட பிறகு, இடுப்பு வலி என்று மருத்துவரிடம் போனபோது நோய் எலும்பில் இருந்தது. போன ஆண்டு இறந்துவிட்டார். “எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்றார்களே, பிறகு எங்கிருந்து வந்தது? புற்றுநோய்க்குள் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இருக்கின்றன என்று பாடத்தில் படித்தேன். அதை ஆராய்வதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ள முடியுமா? அதனால் யாருக்காவது பயன் உண்டா?” என்பவை அவருடைய கேள்விகள். இந்த வேலைக்குள் நான் எப்படி வந்தேன், நாள் முழுவதும் என்ன செய்வோம் என்றும் கேட்டிருக்கிறார்.

நான் பள்ளத்தூரில் பிறந்தவள். மூலக்கூறு உயிரியலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். அதில் இருபது ஆண்டுகள் இந்த அணுக்களோடுதான். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். இந்தக் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடமே பேசுவதுபோல் எழுதுகிறேன்.

முதலில், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. நம் பக்கத்து ஊருணிக் கரைகளிலும் கண்மாய்களிலும் மண்டியிருக்கும் சீமைக்கருவேலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து வெட்டிக்கொண்டு போனால் இடம் வெளிச்சமாகிவிடும். பார்க்கிறவர்கள் கண்மாய் சுத்தமாகிவிட்டது என்பார்கள். இரண்டு மழை பெய்தால் போதும், வெட்டிய தூர்களில் இருந்து பழையபடி துளிர்க்கும், முன்பைவிட அடர்த்தியாக. கிளையும் இலையும் மரத்தின் பெரும்பகுதி. ஆனால் மரத்தைத் திரும்பக் கொண்டுவருவது தூர்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பிளவுபடும் அணுக்களை, அதாவது உடலின் செல்களை, தாக்குகின்றன. தலைமுடி உதிர்வதும் வாயில் புண் வருவதும் அதனால்தான்; முடிவேரிலும் வாயின் உட்தோலிலும் அணுக்கள் ஓயாமல் பிளவுபடுகின்றன. புற்றுக்கட்டியில் மெதுவாகப் பிளவுபடுகிற, அல்லது பிளவுபடாமலே காத்திருக்கிற சில அணுக்கள் இருந்தால் மருந்து அவற்றைப் பெரும்பாலும் தொடாமல் போய்விடும். ஸ்கேனில் கட்டி சுருங்கியது தெரியும். எஞ்சியவை தெரியாது, ஏனென்றால் சில ஆயிரம் அணுக்களைப் பார்க்கிற கண் எந்த ஸ்கேனுக்கும் இல்லை.

இது வெறும் உவமையாக நின்றுவிடாமல் ஆய்வாக மாறிய கதையைச் சொல்ல வேண்டும். தொடங்கியது இரத்தப் புற்றுநோயில். டொரன்டோவில் ஜான் டிக்கின் குழு 1994இலும் 1997இலும் வெளியிட்ட கட்டுரைகள், கடும் மைலாய்டு லுகேமியாவில் ஒரு சிறு பிரிவு அணுக்கள் மட்டுமே எலியின் உடலில் அந்த நோயை மீண்டும் உண்டாக்கும் என்று காட்டின. இரத்தத்தில் சரி, கெட்டியான கட்டிகளில் அப்படி இருக்குமா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க், மேக்ஸ் விக்கா, ஷான் மாரிசன் ஆகியோரின் குழு மார்பகப் புற்றுநோயில் அதைச் செய்துபார்த்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த புற்றணுக்களை அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் இரண்டு புரதங்களைக் கொண்டு பிரித்தார்கள். சிடி44 நிறைய இருந்து, சிடி24 இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும் அணுக்கள் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளில் செலுத்தியபோது, முதல் வகையில் நூறு அணுக்களே கட்டியை உண்டாக்கின. மற்ற வகையில் பல்லாயிரம் அணுக்களைப் போட்டும் கட்டி வரவில்லை. அதைவிட முக்கியமானது, அந்த நூறிலிருந்து வளர்ந்த கட்டியில் எல்லா வகை அணுக்களும் மறுபடி இருந்தன. தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, பிற வகைகளையும் பெற்றெடுக்கும் அணுதான் குருத்தணு. அந்த இரண்டு குணமும் ஒரே சோதனையில் தெரிந்தன.

அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெங்களூரில் என் சொந்த ஆய்வகம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வேறு ஒரு வேலையில் பாதி தூரம் போயிருந்தேன். மறுநாள் காலையில் மாணவர்களை உட்காரவைத்து, இனி நாம் இதைத்தான் செய்யப்போகிறோம் என்றேன். என் அப்பத்தாள் இதே நோயில்தான் போனார்கள். வலிக்கவில்லை என்பதால் ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் வளவுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். தொடக்கக் கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இன்றைக்கும்.

இந்த வேலைக்குள் எப்படி வந்தேன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் விலங்கியல் படித்தேன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி., பெங்களூரில் பிஎச்.டி., பிறகு நான்கு ஆண்டுகள் அமெரிக்காவில். எங்கள் ஐயா, அதாவது என் தாத்தா, பர்மாவில், மோல்மேனில், ஒரு கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடைசியில் மேலாளாக இருந்தவர்கள். மூன்று வருடக் கணக்குக்குப் போய், முடித்து, ஊருக்கு வந்து, மறுபடி போவார்கள். நான் பிஎச்.டி.க்குப் போனபோது வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று புரியவில்லை. ஐயா மட்டும், “பெட்டியடிக்குப் போகிறாள்” என்றார்கள். எனக்குக் கிடைத்ததிலேயே சரியான விளக்கம் அதுதான். முதல் இரண்டு ஆண்டுகள் குழாய் கழுவி, கரைசல் தயாரித்து, மூத்தவர் கையைப் பார்த்துக் கற்க வேண்டும். அதன் பிறகுதான் கணக்கு உங்கள் பெயரில் எழுதப்படும். ஐயா அன்றைய கணக்குச் சிட்டையை முடிக்காமல் தூங்கமாட்டார்கள். ஆய்வகக் குறிப்பேட்டை அன்றன்றைக்கே எழுதும் பழக்கத்தை எனக்கு எந்தப் பேராசிரியரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கணக்கு சரியாக இருந்தும் சரக்கே வேறாக இருந்தால் என்ன செய்வது? அமெரிக்காவில் நான் இருந்த ஆய்வகத்தில், நோய் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க எம்டிஏ-எம்பி-435 என்ற அணு வரிசையை (ஒருவரிடமிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் அணுக்களை) வைத்து வேலை செய்தேன். மார்பகப் புற்றுநோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது என்றுதான் உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்தினார்கள். இரண்டரை ஆண்டுகள் என் முழு உழைப்பும் அதில் போயிற்று. 2000ஆம் ஆண்டில், பல புற்றுநோய் அணு வரிசைகளின் மரபணு வெளிப்பாட்டை (எந்த மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்பதை) ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, இந்த அணுக்கள் தோல் புற்றுநோயான மெலனோமாவைப் போல் நடந்துகொள்கின்றன என்று காட்டியது. பிறகு டிஎன்ஏ ஒப்பீட்டில் அது எம்14 என்ற மெலனோமா வரிசையேதான் என்று உறுதியாயிற்று. என் கட்டுரைகளில் ‘மார்பகம்’ என்று எழுதியிருந்த இடமெல்லாம் தவறாகிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை. எங்கோ ஒரு நாள் ஒரு குடுவை இன்னொரு குடுவையோடு கலந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் கைக்கு வரும் எந்த அணு வரிசையையும், கொடுத்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், டிஎன்ஏ அடையாளச் சோதனை செய்த பிறகே தொடங்குங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு அணு வரிசையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் முதல் வாரத்திலேயே அதைக் கையில் கொடுப்பார்கள். எம்சிஎஃப்-7. 1970இல் மிச்சிகனில் 69 வயதான ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்திருந்த நீரிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது. அந்த அம்மையார் அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அவருடைய அணுக்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் ஆய்வகங்களில் இருக்கின்றன. ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உள்ள மார்பகப் புற்றுநோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. என் மாணவர்களிடம் குடுவையைக் கொடுக்கும்போது இதைச் சொல்லித்தான் கொடுப்பேன்.

நாள் முழுவதும் என்ன செய்வோம் என்று கேட்டீர்கள். உண்மையான திசு வரும் நாளைச் சொல்கிறேன். அறுவை அரங்கிலிருந்து தொலைபேசி வரும். நோயறிதலுக்கு வேண்டியதை நோயியல் மருத்துவர் எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சியதில் ஒரு கடலைப்பருப்பு அளவு நமக்கு. ஐஸ் பெட்டியில் வைத்து, பெங்களூர்ப் போக்குவரத்தில் மன்றாடிக்கொண்டு கொண்டுவர வேண்டும். நேரம் போகப்போக அணுக்கள் சாகும். வந்ததும் பொடியாக நறுக்கி, நொதி ஊற்றி, 37 டிகிரியில் வைத்து, தனித்தனி அணுக்களாகப் பிரித்து, சல்லடையில் வடிகட்டி, குறிப்பிட்ட புரதங்களில் ஒட்டி ஒளிரும் எதிர்ப்பொருள்களைச் சேர்த்து, லேசர் கொண்டு அணுக்களை ஒவ்வொன்றாகத் தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கு எடுத்துப்போக வேண்டும். காலையில் தொடங்கினால் நள்ளிரவாகிவிடும்.

அதற்கெல்லாம் முன்னால் நோயாளியின் சம்மதம். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த படிவத்தை அவருடைய மொழியில் படித்துக்காட்டி, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, சொன்னால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று விளக்க வேண்டும். இதை நான் மாணவர்களிடம் மட்டும் விட்டதில்லை. ஒசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், தமிழில் பேசுகிறேன் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதை வைத்து எனக்கு ஏதாவது நல்லது செய்வீர்களா?” என்று கேட்டார். உங்களுக்கு இல்லையம்மா, பின்னால் வருகிறவர்களுக்கு, அதுவும் உறுதி இல்லை என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கின்றன” என்றார். அவர் தந்த திசுவிலிருந்து நாங்கள் வளர்த்த அணுக்கள் பதினொரு நாளில் இறந்துவிட்டன. திசுக்களில் பல அப்படித்தான் போகும். அவரை நினைக்காமல் எனக்கு ஒரு வருடமும் போனதில்லை.

பிரித்த அணுக்கள் குருத்தணுக்கள்தானா என்று எப்படித் தெரியும்? எலியில் செலுத்திப் பார்ப்பதுதான் வலுவான சோதனை. எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்து, பத்தாயிரம், ஆயிரம், நூறு, பத்து என்று போட்டு, எந்த அளவு வரை கட்டி வருகிறது என்று பார்ப்போம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், செலவும் மிக அதிகம். அன்றாடம் செய்வது உருண்டைச் சோதனை. எதிலும் ஒட்ட முடியாத தட்டில், சீரம் இல்லாத வளர்ப்புக் கரைசலில், வளர்ச்சிக் காரணிகளை மட்டும் கொடுத்து அணுக்களை மிதக்கவிடுவோம். சாதாரண மார்பக அணு பிடிமானம் இல்லாவிட்டால் இறந்துவிடும். குருத்தணுத் தன்மை உள்ளவை பிழைத்து, ஏழு முதல் பத்து நாளில் குட்டி உருண்டைகளாக வளரும். அவற்றைக் கலைத்துத் திரும்பவும் தனி அணுக்களாகப் போட்டால் மறுபடி உருண்டையாக வேண்டும். பிடிமானம் இழந்த அணு எப்படிப் பிழைக்கிறது என்பதே தனித் துறை. இந்திய அறிவியல் கழகத்தில் அன்னபூரணி ரங்கராஜனின் குழு, அணுவின் எரிபொருள் குறைவை உணரும் ஏஎம்பிகே என்ற நொதிக்கு இதில் உள்ள பங்கைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது.

இந்தச் சோதனை எளிதாகத் தெரியும். ஏமாற்றுவதும் இதுவே. அணுக்களை நெருக்கமாகப் போட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகும். அதைப் பார்த்து ஓர் அணுவிலிருந்து வளர்ந்த உருண்டை என்று எண்ணிவிடுவோம். தட்டைத் தூக்கி நுண்ணோக்கிக்குக் கொண்டுபோகும்போது ஆட்டினால்கூட நடுவில் வந்து சேர்ந்துவிடும். இதெல்லாம் தெரிந்தும் நான் தவறினேன். ஒரு செடியிலிருந்து பிரித்த சேர்மம் உருண்டைகளைப் பாதியாகக் குறைக்கிறது என்று என் ஆய்வகத்தில் மூன்று முறை தொடர்ந்து முடிவு வந்தது. கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டோம். அனுப்பும் முன் ஒரு சந்தேகம் எழ, எந்தத் தட்டில் மருந்து, எதில் வெறும் கரைப்பான் என்று தெரியாதபடி நானே ஒட்டுத்தாள்களை மாற்றி ஒட்டி, மறுபடி எண்ணச் சொன்னேன். வித்தியாசம் காணாமல் போயிற்று. மாணவி பொய் சொல்லவில்லை. மருந்து போட்ட தட்டில் சற்றுத் தளர்ந்த உருண்டையைக் கண்டால் ‘இது கணக்கில் இல்லை’ என்றும், போடாத தட்டில் அதே மாதிரி இருந்தால் ‘இது சேரும்’ என்றும் கண் தானாகவே தீர்மானித்திருக்கிறது. அந்த மருந்து வேலை செய்ய வேண்டும் என்று நாங்கள் இருவரும் அவ்வளவு ஆசைப்பட்டிருந்தோம். அப்பத்தாளை மனத்தில் வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அன்று முதல் என் ஆய்வகத்தில் யார் எதை எண்ணினாலும் அடையாளத்தை மறைத்துத்தான்.

உங்களிடம் நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுவே. அத்தையின் இழப்பு உங்களை இந்தத் துறைக்கு அழைத்து வரலாம். அது நல்ல காரணம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்திலிருந்து எழுந்ததுதான் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம். ஆனால் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் நேரத்தில் அத்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. கதவுக்கு வெளியே அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போங்கள். எண்ணி முடித்து வெளியே வந்ததும் அவரோடு சேர்ந்து அழலாம்.

கருவேலந்தூர் உவமையைத் தொடக்கத்தில் சொன்னேன். அது பாதிதான் உண்மை. 2008இல் இரண்டு அடிகள் விழுந்தன. ஒன்று, அமெரிக்கப் புற்றுநோய் உயிரியலாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்திலிருந்து, செந்துறை மணி முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை. சாதாரண மார்பக அணுக்களை ட்விஸ்ட், ஸ்நெயில் போன்ற புரதங்களைக் கொண்டு, பக்கத்து அணுக்களோடான பிடியை விட்டு நகரும் வகையாக உருமாற்றினார்கள். உருமாறிய அணுக்களில் சிடி44 கூடியது, சிடி24 குறைந்தது, உருண்டைகள் வளர்ந்தன. குருத்தணு அல்லாதது குருத்தணுவின் குணங்களைப் பெற்றுவிட்டது. மற்றொன்று, 2003 கட்டுரையில் பங்கேற்ற அதே ஷான் மாரிசனின் ஆய்வகம் மெலனோமாவில் செய்த வேலை. எதிர்ப்பாற்றல் இன்னும் குன்றிய எலிகளைப் பயன்படுத்தி, சோதனை முறையையும் மேம்படுத்தினால், ஏறத்தாழ நான்கில் ஓர் அணு கட்டியை உண்டாக்கியது. அப்படியென்றால், குறைவு என்று நாம் எண்ணியதில் எவ்வளவு அணுவின் குணம், எவ்வளவு எலியின் குணம்? தம் பெயருக்குப் புகழ் தந்த கருத்துக்கே தம் கையால் சோதனை வைத்தவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

கருவேலத்தில் தூர் வேறு, கிளை வேறு. முருங்கையில் அப்படி இல்லை. ஒடிந்த கொம்பை ஈரமண்ணில் நட்டால் அதுவே வேர்விட்டு மரமாகிவிடும். மார்பகப் புற்றுநோய் கருவேலமாகவும் இருக்கிறது, முருங்கையாகவும் இருக்கிறது. குருத்தணு என்பது ஓர் ஆள் இல்லை, ஒரு நிலை. சில அணுக்கள் அந்த நிலையில் இருக்கின்றன, சில அங்கே போகின்றன, சில திரும்புகின்றன. ஆல்டிஹைடு டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி மிகுந்த அணுக்களும் குருத்தணுக்களே என்று 2007இல் காட்டப்பட்டது. அந்த அணுக்களும் சிடி44 அணுக்களும் பெரும்பாலும் வேறு வேறு. இரண்டு அடையாளமும் சேர்ந்திருப்பவை மிகச் சில. அவற்றில் இருபது போதும், கட்டி வளரும். விக்காவின் குழு பின்னர் இவற்றை ஒரே குருத்தணுவின் இரண்டு நிலைகள் என்றது: ஒன்று நகர்வதற்கு, ஒன்று பெருகுவதற்கு. இடைநிலைகளும் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் மோஹித் குமார் ஜாலியின் குழு அவற்றைக் கணித மாதிரிகளைக் கொண்டு ஆராய்கிறது.

மருந்துக்கு இதன் பொருள் என்ன? தூரை மட்டும் குறிவைத்தால் கொம்பு வேர்விடும். கொம்பை மட்டும் வெட்டினால் தூர் துளிர்க்கும். இரண்டையும் ஒன்றாகவும், மாறும் வழியை அடைத்தும் தாக்க வேண்டும். 2009இல் சுமார் 16,000 சேர்மங்களைச் சோதித்து, குருத்தணு நிலையில் உள்ளவற்றைக் கொல்லும் ஒன்றைக் கண்டார்கள். சாலினோமைசின், கோழித் தீவனத்தில் கலக்கும் மருந்து. ஆய்வகங்களில் பெரிய பரபரப்பு. ஆனால் மனித உடலுக்கு அது நச்சு; நோயாளிகளுக்கான மருந்தாக வந்து சேரவில்லை. ரெபாரிக்சின் என்ற இன்னொன்றைக் கீமோவோடு சேர்த்து, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை மார்பகப் புற்றுநோயில் மருத்துவமனைச் சோதனை செய்தார்கள். நோய் திரும்ப வளரும் காலத்தை அது தள்ளிப்போடவில்லை. குருத்தணுவுக்கென்றே வந்த மருந்தால் மார்பகப் புற்றுநோய் குணமாகிறது என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊரில் என்னிடம் பலர், “ஸ்டெம் செல் போட்டால் புற்றுநோய் போய்விடுமாமே?” என்று கேட்கிறார்கள். அது முற்றிலும் வேறு விஷயம். குருத்தணுவை உடலில் செலுத்தும் சிகிச்சை இரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றுக்கு உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அதைப் பணம் வாங்கிக்கொண்டு செய்ய வருகிறவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்.

பயனே இல்லையா என்றால், உண்டு. கட்டி சுருங்கியது என்பதை மட்டும் வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை மருத்துவ உலகம் உணர்வதில் இந்தத் துறைக்குப் பங்கு இருக்கிறது. கீமோவுக்கு முன்னும் பின்னும் ஒரே நோயாளிகளின் திசுக்களை 2008இல் ஒப்பிட்டபோது, கீமோவுக்குப் பின் மிஞ்சியதில் குருத்தணுக்களின் விகிதம் கூடியிருந்தது. எதை அளக்க வேண்டும் என்ற கேள்வியே மாறியது. அதை நான் சிறிய மாற்றமாக நினைக்கவில்லை.

உங்கள் அத்தையைப் பற்றி. அறிக்கைகளைப் பார்க்காமல் எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொதுவாக ஒன்று சொல்லலாம். ஹார்மோன் ஏற்பி உள்ள வகையில் நோய் தாமதமாகத் திரும்புவது அரிதல்ல. ஐந்து ஆண்டு ஹார்மோன் மாத்திரைகளை முடித்து, அதுவரை நோய் இல்லாமல் இருந்த 62,923 பெண்களின் விவரங்களை 88 மருத்துவச் சோதனைகளிலிருந்து தொகுத்து 2017இல் வெளியிட்டார்கள். ஐந்தாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரை நோய் திரும்பும் வாய்ப்பு நிற்காமல் தொடர்ந்தது. கட்டி சிறியதாகவும் அக்குள் நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) பரவாமலும் இருந்தவர்களில் இருபது ஆண்டுக்குள் உடலின் வேறு இடத்தில் திரும்பியது சுமார் 13 சதவீதத்தினருக்கு. கட்டி பெரிதாக, நான்கு முதல் ஒன்பது நெறிகளில் பரவியிருந்தவர்களில் 41 சதவீதத்தினருக்கு. எலும்பு மஜ்ஜைக்குள் போய் ஆண்டுக்கணக்கில் உறங்கும் அணுக்களை எது எழுப்புகிறது என்பது இந்தத் துறையின் பெரிய கேள்விகளில் ஒன்று. உங்கள் வீட்டில் யாரோ அத்தையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எட்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பியதற்கு வீட்டில் யாரையும் காரணம் காட்ட இந்தத் தகவல்களில் எதுவும் இல்லை. அந்தப் பாரத்தை இறக்கிவையுங்கள்.

இனி வழி. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் உயிர் அறிவியலை எடுத்து இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெறுங்கள்; ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000 ரூபாய். பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். உதவித்தொகை சில மாதம் தாமதமாக வரும் காலங்களும் உண்டு, கையில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆய்வு மையமான ஆக்ட்ரெக், திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம், சென்னை ஐஐடி எல்லாமே புற்றுநோய் உயிரியலில் வேலை நடக்கும் இடங்கள். சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் வெளியிட்ட இந்தியப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பில் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் தரவுகள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வழிகாட்டியின் பழைய மாணவர்கள் மூன்று பேரிடம் பேசுங்கள். ‘முடிவு தவறாக வந்தபோது அவர் என்ன செய்தார்?’ என்று மட்டும் கேளுங்கள்.

காரைக்குடியில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று தயங்க வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உங்கள் கல்லூரிக்கு அருகில்தான் இருக்கிறது. பெருநகரத்தில்தான் ஆய்வு நடக்கும் என்று அவர் நினைத்திருந்தால் இங்கே அது வந்திருக்காது. இப்போதே தொடங்கலாம்: ஒற்றை அணுக்களின் மரபணு வெளிப்பாட்டுத் தரவுகள் இலவசமாகப் பொதுவெளியில் கிடைக்கின்றன. பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, ஒரு மார்பகக் கட்டியின் தரவை எடுத்து, சிடி44 மிகுந்த அணுக்கள் எத்தனை, அவை ஒரே கூட்டமாக இருக்கின்றனவா, சிதறி இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். மடிக்கணினி போதும். எலியும் வேண்டாம், எதிர்ப்பொருளும் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இறந்தவர் அத்தை, அதாவது உங்கள் அப்பச்சியின் (அப்பாவின்) உடன்பிறந்தவர். அப்பா வழியில் வந்த நோய் பெண் பிள்ளைக்குப் பொருட்டில்லை என்று நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். அது தவறு. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பரம்பரையாக வருவது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் உள்ள பிழை தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம், இரண்டிலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. அப்பச்சியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: அத்தைக்கு எந்த வயதில் நோய் கண்டார்கள், ஐயா வழியில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா, ஆண்களில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா. ஐம்பது வயதுக்கு முன் நோய் கண்டிருந்தால், அல்லது இன்னொருவரும் இருந்தால், அந்தத் தாளோடு ஒரு மரபியல் ஆலோசகரிடம் போங்கள். சோதனை வேண்டுமா என்று அவர் சொல்வார். அத்தையின் அறிக்கைகளையும் எடுத்துப்போங்கள்; பழைய பீரோவில் இருந்தால் இந்த வாரமே தேடி எடுத்து, ஒரு நகல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.